தெரியாது என்று சொன்னவர்கள்

நகராட்சி ஆபீசிலிருந்து இரண்டு பேர் டெய்லரம்மாவின் தையல் கடை வாசலில் வந்து நின்றார்கள். பெயர்ப் பலகையை நடைபாதையில் கொஞ்சம் தள்ளித்தான் வைத்திருந்தாள். அதற்குத்தான் ஆள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மெஷினை விட்டு எழுந்து, அவர்கள் வாயைத் திறப்பதற்குள் பலகையை உள்ளே இழுத்துப் போட்டாள்.

"அது இருக்கட்டும்மா. குலுக்கல்ல உங்க பேரு வந்திருக்கு."

"நான் எந்தச் சீட்டும் வாங்கலையே."

வந்தவர்களில் பெரியவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். ஊருக்குப் பின்னால் இருக்கும் ஏரியைத்தான் ஊரே குடிக்கிறது. ஏரிக்கு மேலே உள்ள மலைச்சரிவின் அடியில், பேட்டரி செய்ய உதவுகிற ஏதோ ஓர் உப்பு இருக்கிறதாம். ஒரு கம்பெனி அதை எடுக்க அனுமதி கேட்கிறது. வெட்டி எடுக்கப் போவதில்லை. ரசாயனம் கலந்த தண்ணீரை ஆழத்தில் செலுத்தி, உப்பைக் கரைத்து, மறுபடி மேலே உறிஞ்சிக் கொள்வார்கள். அரசாங்கம் முடிவெடுக்கும் முன்னால் ஊர்மக்களில் சிலரைக் குலுக்கிப் போட்டு எடுத்து, எல்லாத் தரப்பையும் கேட்க வைத்து, அவர்கள் கருத்தை வாங்கப் போகிறது. அந்தச் சிலரில் டெய்லரம்மாவும் ஒருத்தி.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறவர். எதையும் கேலி பண்ணாமல் விழுங்கத் தெரியாதவர்.

"ஊர்ல இவ்வளவு பேர் இருக்க, சரியா வந்து என் வீட்டுல கை வச்சிருக்கான் பாரு. நீ போய் என்ன சொல்லப் போறே? பூமிக்கு இடுப்பு அளவு எடுப்பியா?"

"நான் போகலைன்னு சொல்லிடறேன்."

"போகாம இருக்காதம்மா." சொன்னது மகள். எதிர்த் தெருவில் குடியிருந்த அவளும் மாப்பிள்ளையும் அன்றைக்கு அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நம்ம ஆளு ஒருத்தர் உள்ள இருந்தா நல்லதுதானே."

நம்ம ஆளு என்று அவள் எதைச் சொன்னாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. மாப்பிள்ளை படகுப் பட்டறையில் வெல்டராக இருந்தவர். பட்டறையை மூடிய பிறகு கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, கிடைக்காத நாளில் மாமனாரின் வேனைக் கழுவிக்கொண்டு இருந்தார். கம்பெனி ஆட்கள் அவர் பெயரை ஏற்கெனவே எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அனுமதி கிடைத்த மறுநாளே வேலை என்று பேச்சு. அவர் மட்டும் தலை நிமிராமல், "அத்தைக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யட்டும்" என்றார். அந்தத் தாழ்ந்த குரல்தான் டெய்லரம்மாவை அசைத்தது. போய் உட்கார்ந்து, கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, சரி என்று கை தூக்கிவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டுதான் அவள் போனாள்.

கூட்டம் நூலகத்தின் மாடியில் நடந்தது. நீள மேசைகள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு கட்டுக் காகிதம். தலைவராக ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டிருந்தார்கள். மெதுவாகப் பேசுகிறவர், யார் பேசினாலும் குறுக்கிடாதவர். குழுவில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார், மருந்துக்கடைக்காரர் இருந்தார், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் இருந்தார், மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கூட்டம் நடக்கும் நாட்களில் விடுப்புத் தர மறுத்துவிட்டார்கள். சில நாள் வந்தாள், பிறகு அவள் நாற்காலி காலியாகவே கிடந்தது. வேறு யாரையும் அங்கே உட்கார வைக்கவில்லை.

ஆரம்பத்தில் டெய்லரம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கொடுத்த காகிதத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் தூக்கம் வந்தது. கம்பெனி இன்ஜினீயர் திரையில் படம் போட்டுக் காட்டினார். பாறைக்கு மேல் பாறை, நடுவில் ஒரு களிமண் படுகை. அந்தப் படுகையைத் தாண்டி ஒரு சொட்டுக்கூட மேலே வராது, ஏரிக்கு ஆபத்து என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். அவர் பேசின அழகில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். டெய்லரம்மாவும் ஆட்டினாள். மாப்பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

பிறகு ஒரு நாள், நிலத்தடி நீரை ஆராய்கிற அம்மா ஒருவர் வந்தார். முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, தொண்டை கட்டின குரல். அவர் படம் ஒன்றும் கொண்டுவரவில்லை. மருந்துக்கடைக்காரருக்கு அன்று பொறுமை போய்விட்டது.

"சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா. அந்த மருந்துத் தண்ணி ஏரிக்கு வருமா, வராதா?"

"தெரியாது."

"படிச்ச நீங்களே தெரியாதுன்னா நாங்க என்ன பண்றது?"

"இந்த மாதிரிப் பாறையில இதுக்கு முன்னால யாரும் இதைச் செஞ்சதில்லைங்க. ஒண்ணுமே ஆகாம போகலாம். நம்ம காலத்துலயே வந்தாலும் வரலாம். வந்துட்டா திருப்பி எடுக்க வழி கிடையாது. அது ஒண்ணு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்போ வேணாம்ங்கறீங்களா?"

"வேணுமா வேணாமாங்கறது என் வேலை இல்லை. குடிக்கிறவங்க நீங்க. தெரியாத ஒண்ணை எவ்வளவு தூரம் ஏத்துக்கலாம்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

அன்று டெய்லரம்மா வீட்டுக்கு நடந்தே போனாள். இன்ஜினீயர் சொன்னது நெஞ்சில் பஞ்சு மாதிரி இறங்கியது. இந்த அம்மா சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. யார் சொன்னது நிஜம் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் சும்மா கை தூக்கிவிட்டு வருகிற காரியம் இல்லை இது என்பது மட்டும் விளங்கியது.

அவளை உறுத்திய இன்னொன்று உண்டு. கூட்ட அறைச் சுவரில் ஏரியின் வரைபடம் மாட்டியிருந்தது. ஊர்ப்பக்கக் கரையில் தெருக்கள், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் குறித்திருந்தார்கள். எதிர்க்கரையில் வெறும் பச்சை. ஒரு புள்ளிகூட இல்லை. அங்கே குடியிருப்பு இருக்கிறது. வண்டல் மண்ணில் தகரமும் பலகையும் போட்டுக் கட்டின வீடுகள். பட்டா கிடையாது, வீட்டுவரி ரசீது கிடையாது. குலுக்கல் போட்டதோ வீட்டுவரிப் பட்டியலை வைத்து. அதனால் அங்கிருந்து ஒருத்தர் பெயரும் வரவில்லை, வரவும் முடியாது. மலைச்சரிவுக்கு எல்லோரையும் விடக் கிட்டத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

டெய்லரம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்றால், அவள் பிறந்தது அங்கேதான்.

வீட்டைத் தவிர ஊரில் யாருக்கும் அது தெரியாது. எதிர்க்கரைக்காரர்களை ஊரில் 'சேத்துக்காலு' என்றுதான் சொல்வார்கள். அதைச் சொல்லி அடித்துக்கொண்டவர்கள்கூட உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எந்த ஊருன்னு யாராவது கேட்டா, பஸ்ல ரொம்ப தூரம்னு மட்டும் சொல்லு" என்றார். அப்படியே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. கூடப்பிறந்த அக்கா இன்னும் அங்கேதான் இருந்தாள். அவளைப் போய்ப் பார்ப்பதும் வரவரக் குறைந்து, அத்தான் செத்த வீட்டுக்குப் போய்விட்டு அன்றைக்கே கடைசிப் படகில் திரும்பி வந்ததோடு நின்றுபோயிருந்தது.

வேறு யாராவது சொல்வார்கள் என்று அவள் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் தேநீர் இடைவேளை முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும் அவளையும் அறியாமல் கை மேலே போய்விட்டது.

"சொல்லுங்கம்மா" என்றார் தலைவர்.

"அந்தப் படத்துல எதிர்க்கரை காலியா இருக்குங்க. அங்க ஆளுங்க இருக்காங்க."

கூட்டத்துக்கு உதவியாக வந்திருந்த அதிகாரி, "அது அங்கீகாரம் இல்லாத குடியிருப்பும்மா. பட்டியல்ல வராது" என்றார்.

"பட்டியல்ல வராதுங்க. ஆனா அவங்களும் இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பேங்க் மேனேஜர் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

டெய்லரம்மா கையிலிருந்த காகிதக் கட்டை மேசையில் வைத்தாள். "என் கூடப்பிறந்தவ அங்கதான் இருக்கா. நானும் அங்க பிறந்தவதான்" என்றாள்.

பஸ் டிரைவர் தன் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். தலைவர் எழுந்து வரைபடத்தின் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு கூட்டத்தை எதிர்க்கரையில் நடத்த வேண்டும் என்றார். முன்கூட்டியே போய் அங்குள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டு வர முடியுமா என்று அவளையே கேட்டார்.

படகில் போய் இறங்கியபோது அக்கா வாசலில் மீன் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "வா சின்னவளே. யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைக்கா. பார்க்கணும்னு வந்தேன்."

"ஒண்ணும் ஆகாம நீ வர மாட்டியே."

டெய்லரம்மா வாசற்படியில் உட்கார்ந்து குழுவைப் பற்றி, மருந்துத் தண்ணீரைப் பற்றி, தனக்குப் புரிந்த அளவு சொன்னாள். அக்கா கடைசிக் கூடையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"எங்களைக் கேக்கணும்னு இப்பத்தான் தோணுச்சா உங்க பெரிய மனுஷங்களுக்கு? கம்பெனிக்காரன் எப்பவோ வந்துட்டுப் போயிட்டான். ரோடு போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கான்."

"ரோடா?"

"ஆமா. மலையைச் சுத்தி இங்க வரைக்கும். ரோடு இருந்திருந்தா உங்க அத்தான் நடு ஏரியில என் மடியில செத்திருக்க மாட்டாரு. காத்து அடங்கட்டும், அடங்கட்டும்னு படகுக்காரன் சொல்லிட்டே இருந்தான். காத்துக்கு முன்னால இவரு அடங்கிட்டாரு." அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நீ வேணாம்னு சொல்லப் போறியா?"

"எனக்கே தெரியலைக்கா."

"தெரியாதவளை எதுக்குக் கூப்பிட்டு உட்கார வச்சிருக்காங்க?"

வேண்டாம் என்று சொல்ல அங்கே எல்லோரும் துடித்துக்கொண்டிருப்பார்கள், தான் வந்து அவர்களுக்கு வழி திறந்துவிடுகிறோம் என்றுதான் டெய்லரம்மா வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த நினைப்பு இப்போது அவளையே பார்த்துச் சிரித்தது.

எதிர்க்கரைக் கூட்டத்துக்கு அதிகாரி குறித்த நேரம் பகல். அங்கே பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. படகுக் கொட்டகையில் நாற்காலிகள் போட்டு, குழு உட்கார்ந்து, எதிரே சில கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் நின்றார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆரம்பித்துவிடலாம் என்றார். தலைவர், "படகெல்லாம் திரும்பி வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெயில் இறங்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மனிதர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்று டெய்லரம்மா பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

ஆட்கள் வந்தார்கள், பேசினார்கள். வலை கிழிவதைப் பற்றி, படகுத்துறை இடிந்துபோனதைப் பற்றி, பள்ளிக்கூடம் இல்லாததைப் பற்றி. நேரம் கிடைத்ததே என்று பல காலத்துக் குறையையும் கொட்டினார்கள். மருந்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோதுதான் சத்தம் குறைந்தது. கடைசியாக அக்கா எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் யாரையோ திட்டுகிற மாதிரிதான் பேசினாள்.

"ரோடு வேணும். வேணாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா? என் வீட்டுக்காரர் காலத்துல இருந்து ரோடு கேட்டு அலைஞ்சது நாங்க. மருந்துத் தண்ணி கேட்டு யாரு அலைஞ்சா? ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டி, எடுத்தா முழுசா எடு, இல்லாட்டி விடுன்னா, அது கேக்கறதா? உங்க வீட்டுல பொண்ணு கேக்க வந்தாக்கூட இப்படிக் கேட்க மாட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தங்கை இருந்த பக்கம் பார்க்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

டெய்லரம்மா எதிர்க்கரைக்காரி என்பதும், கம்பெனிக்கு எதிராகக் கிளம்பிவிட்டாள் என்பதும் ஊரில் ஒரே மூச்சில் பரவின. இரண்டாவது அப்போது உண்மையில்லை. ஆனால் முதலாவது உண்மையாக இருந்ததால் இரண்டாவதையும் நம்பிவிட்டார்கள். வருஷா வருஷம் அவளிடம் வருகிற பள்ளிச் சீருடைத் தையல் வேறு கடைக்குப் போனது. ஒரு காலையில் கடை ஷட்டரில் 'சேத்துக்காலு' என்று சாக்கட்டியால் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் வேனிலிருந்து ஈரத்துணியை எடுத்துவந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஓர் எழுத்து மிச்சமில்லாமல் துடைத்தார். ஏதாவது கேலி பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றுதான் அவளுக்குப் பயம் வந்தது.

மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் ஒரு நாள் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, வெட்டுத் துணிகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் சொல்ல வரலை அத்தை."

"தெரியும் மாப்ள."

"எனக்காக நீங்க மனசை மாத்திக்க வேணாம். ஆனா... வீட்டுல சும்மா இருக்கிற மனுஷன்கிட்ட யாரும் எதுவும் கேக்கறது இல்லை அத்தை. என்ன சமைக்கட்டும்னுகூட அவ என்னைக் கேக்கறதில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்."

டெய்லரம்மா அவர் அடுக்கிய துணிகளை வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

கடைசிக் கூட்டத்தில் நிறைய வாக்குவாதம் நடந்தது. பேங்க் மேனேஜர், பயந்துகொண்டே இருந்தால் ஊரில் பட்டறையும் இருக்காது பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் வெளியூரில்தான் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர், ஒரு மாத்திரையைக்கூட முழுசாகச் சோதித்துப் பார்க்காமல் விற்க விடுகிறதில்லையே என்றார். தலைவர் கை தூக்கச் சொன்னபோது, காலியாகக் கிடந்த அந்தத் துப்புரவுப் பெண்ணின் நாற்காலியை டெய்லரம்மா பார்த்தாள். பிறகு 'இப்போது வேண்டாம், பொறுத்திருக்கலாம்' என்கிற பக்கம் கையைத் தூக்கினாள். வீட்டுக்கு, மகள் இருக்கிற எதிர்த் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதிகம் பேர் அந்தப் பக்கமே இருந்தார்கள். 'ஏரிக்குக் கேடு வருமா என்பது யாருக்கும் தெரியவில்லை. வந்தால் சரிசெய்ய முடியாது. ஆகவே முன்னெச்சரிக்கையாக, நிச்சயமாகத் தெரிகிற வரை அனுமதி வேண்டாம். எதிர்க்கரைக்கு ரோடு தனியாகப் போடப்பட வேண்டும். இனி இப்படிப்பட்ட எந்தக் குழுவிலும் எதிர்க்கரைக்காரர்கள் இருக்க வேண்டும்.' இதுதான் சாரம். பஸ் டிரைவர் படிக்கட்டில் இறங்கும்போது, "பரீட்சையில தெரியாதுன்னு எழுதிட்டு வந்த முதல் கோஷ்டி நாமதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குழு சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அறிக்கையை மந்திரி வந்து வாங்கிக்கொண்டார். பேப்பரில் படம் வந்தது. மந்திரியின் தோளுக்குப் பின்னால் டெய்லரம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் மருந்துக்கடைக்காரர் கையில் பேப்பரோடு கடைக்குள் நுழைந்து, கேட்காமலே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"படிக்கறேன், கேளுங்க. 'மக்கள் குழுவின் கருத்தை அரசு மிகுந்த மரியாதையுடன் ஏற்கிறது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று குழு வலியுறுத்தியிருப்பதால், அதைத் தெரிந்துகொள்வதற்காகச் சோதனை முறையில் பணி தொடங்கப்படும்.' சோதனைக்கு யாரையும் கேக்க வேண்டியதில்லையாம். விதி அப்படி இருக்காம்."

"சோதனைன்னா அந்தத் தண்ணிய உள்ள விடுவாங்களா?"

"விடாம எப்படிம்மா சோதிக்கறது?"

டெய்லரம்மா தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு, அவரோடு தலைவர் வீட்டுக்குப் போனாள். தலைவர் தோட்டத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். செய்தியை ஏற்கெனவே படித்திருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். "நம்ம வேலை கருத்து சொல்றதோட முடிஞ்சு போச்சும்மா. ஏத்துக்கலைன்னா கேள்வி கேக்கலாம். ஏத்துக்கிட்டேன்னு சொல்றவன்கிட்ட என்ன கேக்கறது?" என்றார். கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "உங்களை எதிர்க்கரைக்கு அனுப்பினேனே. அது உங்களுக்குக் கஷ்டமாப் போச்சுன்னு கேள்விப்பட்டேன்" என்றார். அவள் ஒன்றுமில்லை என்று தலையை அசைத்துவிட்டு வந்தாள்.

சோதனை தொடங்கியது. எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை, அது முடியவும் இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்தது. குழாய் வெல்டிங்தான், அவருக்குத் தெரிந்த வேலை. சட்டைப் பையில் கம்பெனி அட்டை தொங்க, நிமிர்ந்து நடந்தார். மகள் மறுபடி பேச ஆரம்பித்தாள். ஒன்றுமே நடக்காதது போல, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தது போல, பூண்டு உரித்துக்கொண்டே பேசினாள். ரோடும் வந்தது. மலையைச் சுற்றி, கம்பெனி கேட் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்து வந்த காலத்தில் எதிர்க்கரையில் மீன் குறைந்தது. கிடைத்த மீனிலும் ஒரு துரு வாடை என்றார்கள். அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய், எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்றார்கள். அந்த வருஷம் மழையும் பொய்த்திருந்தது. கம்பெனி மழையைச் சொன்னது. எதிர்க்கரைக்காரர்கள் கம்பெனியைச் சொன்னார்கள். நிலத்தடி நீர் ஆராய்கிற அந்த அம்மாவைப் பேப்பர்காரர்கள் தேடிப் பிடித்துக் கேட்டபோது, ஆரம்பிப்பதற்கு முன்னால் ஏரி எப்படி இருந்தது என்று ஒழுங்காக அளந்து வைக்காததால் இப்போது எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றார்.

எதிர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. யாரும் விரட்டவில்லை. பிழைப்பு இல்லை, போனார்கள். அக்கா ஒரு மூட்டையும் ஒரு அலுமினியப் பானையுமாக வந்து டெய்லரம்மாவின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கினாள். காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் கற்றுக்கொண்டாள். ஏரியைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால் டெய்லரம்மாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். வீட்டுக்காரர்தான், "அண்ணி, உங்க தங்கச்சிக்கு ஓரம் அடிக்கவாவது கத்துக்குடுங்க, எல்லாம் கோணலா அடிக்கிறா" என்று ஏதாவது சொல்லிப் பார்ப்பார். அக்கா மரியாதைக்குச் சிரிப்பாள்.

அளவு கொடுக்க வருகிறவர்கள் இப்போது குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "அன்னைக்கே நீங்க சொன்னீங்களேம்மா, கெட்டுப் போயிடும்னு. யாரு கேட்டா?" ஷட்டரில் சாக்கட்டியால் எழுதினவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். டெய்லரம்மா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் ஒன்றையே சொன்னாள்.

"நாங்க அப்படிச் சொல்லலைங்க. தெரியாதுன்னுதான் சொன்னோம். இப்பவும் தெரியாது."

அவர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒன்று அவள் ஜெயித்திருக்க வேண்டும், இல்லை தோற்றிருக்க வேண்டும். இரண்டுமில்லாமல் இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன டெய்லரம்மா, சமையலறை மூலையில் பெரிய தண்ணீர்க் கேன்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தாள்.

"இது என்ன மாப்ள?"

"கம்பெனியில குடுக்கறாங்க அத்தை. வேலை செய்றவங்க வீட்டுக்கு மட்டும். வெளியூர்த் தண்ணி."

"குழாய்த் தண்ணி அளவுக்குள்ள இருக்குன்னாங்களே?"

"இருக்குதான். இது சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்கு." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறிக்கையில் முன்னெச்சரிக்கை என்ற அந்த வார்த்தையை அவளும் குழுவும் எத்தனை தடவை எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

மகள், "உனக்கும் பெரியம்மாவுக்கும் ரெண்டு கேன் எடுத்துட்டுப் போம்மா" என்றாள். டெய்லரம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்குக் கொண்டுவந்து, மெஷினுக்கு அடியில் வைத்து, ஒரு துணியைப் போட்டு மூடினாள். வருகிறவர்கள் எல்லாம் குழாயில் குடிக்கிறவர்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்றுதான் மூடினாள்.

அன்று முழுவதும் அவளால் ஒரு தையலும் நேராகப் போட முடியவில்லை. அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் எழுந்து வந்து, துணியை உருவிப் போட்டு, கேனை இழுத்துக்கொண்டு போய் கடை வாசலில் வைத்தாள். மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்தாள். டெய்லரம்மா தடுக்கவில்லை. எழுந்து போய், கேன் ஆடாமல் இருக்க அடியில் ஒரு கட்டையை வைத்தாள்.

போகிறவர் வருகிறவர் எல்லாம் குடித்தார்கள். எங்கிருந்து வந்த தண்ணீர் என்று கேட்டவர்களுக்கு அவள் உள்ளதைச் சொன்னாள். சிலர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். இரண்டாவது கேன் தீர்ந்த சமயத்தில் மாப்பிள்ளை வந்தார். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டாராம். கம்பெனித் தண்ணீர், வேலை செய்கிறவர்கள் வீட்டோடு இருக்க வேண்டுமாம். "நான் உங்களைக் குத்தம் சொல்லலை அத்தை. எனக்கு இருக்கிறது இந்த ஒரு வேலைதான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. காலிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கடைக்குத் தண்ணீர் வரவில்லை. டெய்லரம்மாவும் அக்காவும் ஊரோடு சேர்ந்து குழாயில்தான் குடிக்கிறார்கள்.

பேத்தி வீட்டுக்கு மட்டும் கேன் இன்னும் வருகிறது. பாலில் கலக்க மகள் அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் டெய்லரம்மாவுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருக்கிறது. கடைக்குத் திரும்பி, மற்றவர்கள் குழந்தைகளுக்குத் தோள் அளவு எடுக்கும்போதுதான், அந்த நிம்மதியை நினைத்து அவளுக்குக் கூசுகிறது.